பி.காம். முடித்த பிறகு சி.ஏ.வா, பேங்க் தேர்வா, சென்னை கம்பெனியா, பைனான்ஸா?

மன்னார்குடியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். பி.காம். கடைசி செமஸ்டர். காலேஜுக்கு வந்த ஒரு சென்னை கம்பெனி மாதம் 21,000 சம்பளத்துக்கு எடுத்திருக்கிறது. தோழிகள் நாலு பேர் தஞ்சாவூரில் பேங்க் கோச்சிங் சேரப் போகிறார்கள். அக்கவுன்ட்ஸ் மிஸ் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படி என்கிறார். மச்சானுக்குத் தெரிந்த பைனான்ஸ் கம்பெனி மேனேஜர் ஒருவர் "பொண்ண நம்ம பிராஞ்சுக்கு அனுப்புங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். "மாமா, இந்த நாலுல எது நல்லது?" என்று கேட்டாள். ஒரே போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். டெல்டா பக்கம் பி.காம். முடிக்கிற பிள்ளைகள் பலருக்கு முன்னால் இதே நாலு வழிதான் நிற்கிறது என்பதால், பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்புக்கான வேலைப் பயிற்சி, முடித்தவன். சி.ஏ.வின் நடுத் தேர்வான இன்டர் பாஸ், கடைசித் தேர்வான ஃபைனலில் ஒரு குரூப் (பேப்பர்களில் பாதி) பாஸ், இன்னொரு குரூப் மூன்று முறை எழுதியும் வரவில்லை. அதன் பிறகு வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று பார்க்கிற கிரெடிட் பிரிவில் சேர்ந்து இன்றுவரை அந்த வேலையில்தான் இருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் ஒப்பிடும்போது ஜெயித்தவர்களை மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். சி.ஏ. ஆனவரின் சம்பளத்தையும் பேங்கில் பி.ஓ. (தொடக்கநிலை அதிகாரி) ஆனவரின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், அதே வகுப்பில் உட்கார்ந்து அதே புத்தகத்தைப் படித்து வராமல் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை, ஆனால் எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். அதனால் அவளிடம் ஒவ்வொரு வழிக்கும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: மூன்று வருடம் கழித்து, நினைத்தது நடக்கவில்லை என்றால், கையில் என்ன மிஞ்சும்?

பேங்க் தேர்வில் இருந்து தொடங்குகிறேன், வீட்டில் எல்லாருக்கும் பிடித்த பதில் அதுதான். பிடிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த சம்பள ஒப்பந்தத்துக்குப் பிறகு பொதுத்துறை வங்கியில் பி.ஓ.வின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய், கிளார்க்குக்கு 24,050. பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். 22 வயதுப் பிள்ளைக்கு, எந்த டிகிரியாக இருந்தாலும், சிபாரிசு இல்லாமல் கிடைக்கிற வேலைகளில் இதற்கு இணையானது குறைவு. கிளார்க் என்றால் விண்ணப்பித்த மாநிலத்துக்குள்ளேயே வேலை, இன்டர்வியூ கிடையாது, தமிழ் தெரியுமா என்று ஒரு சோதனை மட்டும். பி.ஓ. என்றால் இன்டர்வியூ உண்டு, இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். மன்னார்குடிப் பெண்ணுக்கு ஒடிசாவிலோ பீகாரிலோ ஒரு கிராமக் கிளை கிடைத்தால் வீட்டில் அனுப்புவார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிட வேண்டும். போஸ்டிங் ஆர்டர் வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கி, கிடைத்த வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் என் கேள்விக்கு இந்த வழிதான் மிகக் கடினமான பதிலைச் சொல்கிறது. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். நடத்துகிற தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் 100 கேள்வி, ஒரு மணி நேரம், ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ரீசனிங்குக்கும் தலா 20 நிமிடம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். வட்ட மேஜையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அ-வுக்கு இடப்பக்கம் மூன்றாவதாக யார் என்கிற மாதிரிப் புதிர்களை அரை நிமிடத்தில் போடப் பழக வேண்டும். பிரிலிம்ஸ், மெயின்ஸ், பி.ஓ. என்றால் இன்டர்வியூ, பிறகு அலாட்மென்ட் என்று ஒரு சுற்று முடியக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிவிடும். மெயின்ஸில் இரண்டு மார்க்கில் போனவருக்கு அடுத்த வருடம் திரும்பப் பிரிலிம்ஸிலிருந்து. அந்த இரண்டு மார்க்தான் ஆபத்து. "இன்னும் ஒரு தடவை" என்று சொல்ல வைக்கும். வயது வரம்பும் தாராளம்தான், பி.ஓ.வுக்கு 30, கிளார்க்குக்கு 28, ஓ.பி.சி.க்கு அதன் மேல் மூன்று வருடச் சலுகை, அதனால் யாரும் வந்து நிறுத்தச் சொல்வதில்லை. நாலு வருடம் கோச்சிங் போய் வேலை கிடைக்காமல் எங்கள் கம்பெனி இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். புத்திசாலிகள், கணக்கு மின்னல் வேகத்தில் போடுவார்கள், ஆனால் பி.காமில் படித்த தேய்மானம் கூட மறந்து போயிருக்கும், பயோடேட்டாவில் நாலு வருடம் வெறுமையாக இருக்கும். அந்தப் புதிர்ப் பயிற்சிக்கு வெளியே ஒரு மதிப்பும் இல்லை, இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே பேங்க் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கிளார்க், பி.ஓ. இரண்டுக்கும் போடுங்கள். முதல் சுற்றில் இரண்டு பிரிலிம்ஸுமே தாண்டவில்லை என்றால் இரண்டாவது சுற்றை வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நிறுத்தும் தேதியைச் சேரும் நாளிலேயே காலண்டரில் எழுதி அம்மாவிடம் காட்டிவிடுங்கள்.

சி.ஏ. விஷயம் வேறு. பாஸ் விகிதத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுகிறவர்களில் சில முறை 10 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள்தான் தேறுகிறார்கள், நல்ல முறை என்றால் 20-ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். தனித்தனியாக எல்லாவற்றிலும் 45 எடுத்தால் ஃபெயில். இதையெல்லாம் சொல்லியும் நான் ஏன் இந்த வழியை முழுதாக ஒதுக்கவில்லை என்றால், நடுவில் விட்டாலும் கையில் ஏதோ இருக்கும்.

என் ஆர்ட்டிகிள்ஷிப்பில் முதல் மார்ச் 31. கும்பகோணம் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லுக்கு ஸ்டாக் எண்ண அனுப்பினார்கள். குடோனில் அரிசி மூட்டை கூரை வரை அட்டி போட்டிருந்தது. முன்பக்கம் நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று பெருக்கிக் கணக்குப் போட்டு நோட்டில் எழுதினேன், மில்காரர் புத்தகத்தோடு சரியாக வந்தது, சந்தோஷமாக சீனியரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டி மேல் ஏறினார். மேலே போய்க் கையை நீட்டி என்னையும் ஏற்றிவிட்டார். அட்டியின் நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். சுற்றிலும் மூட்டை, நடுவில் காலி. அந்த ஸ்டாக்கை அடமானமாகக் காட்டித்தான் மில்லுக்கு பேங்க் கடன் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு பத்து மணி வரை மறுபடி எண்ணினோம். புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்கும் குடோனில் இருக்கிற மூட்டைக்கும் நடுவில் என்ன நடக்கலாம் என்பதை எந்த வகுப்பும் எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்காது. ஃபைனல் வரவில்லை, ஆனால் அந்தக் கண் என்னோடு வந்துவிட்டது. இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அதுதான்.

பி.காமில் 55 விழுக்காடு இருந்தால் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் பதியலாம், கடைசி வருடம் படிக்கும்போதே தற்காலிகமாகப் பதியவும் வழி இருக்கிறது. எட்டு மாதப் படிப்பு, ஆறு பேப்பர். இப்போது இன்டர் தேர்வு வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது, எங்கள் காலத்தில் இரண்டுதான், ஒரு முறை போனால் ஆறு மாதம் காத்திருப்போம். இரண்டு குரூப்பும் பாஸ் ஆன பிறகு ஆர்ட்டிகிள்ஷிப், 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அது மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அது முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல். எல்லாம் முதல் முறையிலேயே நடந்தால்கூட மூன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்காமல் போனால், இன்டர் பாஸ் செய்து ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்களைச் 'செமி குவாலிஃபைட்' என்று கேட்டு எடுக்கிற கம்பெனிகள் திருச்சியிலும் கோவையிலும் சென்னையிலும் இருக்கின்றன. வெறும் பி.காமுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள்.

ஆனால் எந்த ஆபீஸ் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என்னோடு இன்டர் பாஸ் ஆன ஒருவன் வேறொரு ஆபீசில் சேர்ந்தான். மூன்று வருடமும் டேலியில் என்ட்ரி போட்டான், ரிட்டர்ன் ஃபைல் செய்தான், ஒரு ஸ்டாக் எண்ணவில்லை, ஒரு பேங்க் கிளை ஆடிட்டுக்குப் போகவில்லை. சான்றிதழில் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான் இருக்கும். சேர்ந்த பிறகு நடுவில் ஆபீஸ் மாறுவதும் லேசில்லை. அதனால் ஆடிட்டரிடம் ஸ்டைபண்ட் (பயிற்சிக்கு மாதா மாதம் தருகிற தொகை) எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆர்ட்டிகிள் பிள்ளை ஒருவரை டீக்கடைக்குக் கூப்பிட்டுப் போய் "போன மாசம் எத்தனை நாள் வெளியே ஆடிட் போனீங்க?" என்று கேளுங்கள். ஸ்டைபண்ட் எப்படியும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும். வீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்க முடியாது, அதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, சென்னை கம்பெனி. ஓ.எம்.ஆரிலும் கிண்டி, போரூர் பக்கமும் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலை மலை மாதிரி நடக்கிறது. முதல் மாதமே சம்பளம் என்பதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது, கடன் இருக்கிற வீட்டில் அது மூச்சு விடுகிற மாதிரி. அவளுக்கு வந்த 21,000-ஐப் பிரித்துப் பார்த்தோம். பி.எஃப். பிடித்தம் போக, மூன்று பேர் தங்கும் லேடீஸ் ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு 8,000 போக, போக்குவரத்து, போன், மாதம் ஒரு முறை ஊருக்கு வந்து போவது என்று கழித்தால் வீட்டுக்கு ஆறாயிரம் அனுப்பலாம். கெட்டியாக இருந்தால் ஏழாயிரம்.

இங்கே பார்க்க வேண்டியது கம்பெனி பெயரைவிட டீம். அக்கவுன்ட்ஸ் பேயபிள் என்றால் பில் வரும், ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒத்துப் பார்த்துப் பணம் கொடுக்க அனுப்ப வேண்டும். நாள் முழுக்க அதே. எனக்குத் தெரிந்த ஒரு பெண் நாலு வருடம் ஒரே நாட்டின் பில்களை மட்டும் பார்த்தார், வேகத்துக்குப் பரிசெல்லாம் வாங்கினார், வேறு கம்பெனி இன்டர்வியூவில் ஒரு நிலுவைச் செலவுக்கு ஜர்னல் என்ட்ரி சொல்லச் சொன்னபோது தடுமாறிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நாலு வருடமாக யாரும் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை. சாஃப்ட்வேர் பில்லைப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறது என்பதால் அந்த மேஜைதான் முதலில் காலியாகும் என்பது என் எண்ணம். அதுவே மாதக் கடைசியில் கணக்கை முடிக்கிற குளோசிங், இரண்டு கணக்குகளை ஒத்துப் பார்க்கிற ரெக்கன்சிலியேஷன், முதலீட்டு ஃபண்டுகளின் கணக்கைப் பார்க்கிற ஃபண்ட் அக்கவுன்டிங் என்றால் கதை மாறும். ஒரு மியூச்சுவல் ஃபண்டின் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் மதிப்பு) தினமும் எப்படி வருகிறது, ஒரு டிவிடெண்ட் விட்டுப்போனால் அது எங்கே போய் இடிக்கும் என்பதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நைட் ஷிப்ட் இருக்கும். அமெரிக்கச் சந்தை 2024 மே 28 முதல் பங்கு கைமாறிய அடுத்த வேலை நாளிலேயே செட்டில்மென்ட் (பணத்தையும் பங்கையும் ஒப்படைப்பது) முடிக்கிற முறைக்கு மாறிவிட்டதால், அந்தப் பக்கத்து வேலையில் இருப்பவர்கள் "காலையில் வந்து பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட முடியாது. எந்த டீம் என்று ஆஃபர் லெட்டரில் போட மாட்டார்கள். எச்.ஆருக்குப் போன் செய்து கேளுங்கள், சொல்லவில்லை என்றால் அதே கம்பெனியில் இருக்கும் சீனியர்களைப் பிடியுங்கள். மூன்று வருடம் கழித்து என்ன மிஞ்சும் என்றால், கொஞ்சம் சேமிப்பு, நல்ல எக்செல், தைரியமான ஆங்கிலம், சில இடங்களில் எஸ்.ஏ.பி. என்கிற கணக்கு சாஃப்ட்வேர். டீம் நன்றாக அமைந்தால் தொழிலும் மிஞ்சும்.

கடைசியாக பைனான்ஸ். இதைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லத் தனி இடம் வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் "பைனான்ஸ் கம்பெனி" என்றாலே வசூலுக்குப் போகிற பையன் என்று ஒரு பிம்பம். தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 1954-ல் சுந்தரம் பைனான்ஸ், 1974-ல் ஸ்ரீராம், 1978-ல் சோழமண்டலம் என்று இந்தியா முழுக்கக் கடன் கொடுக்கிற நிறுவனங்கள் சென்னையில் பிறந்தவை. இந்தத் தொழிலில் விற்பனை, வசூல், கிரெடிட் என்று மூன்று வாசல். முதல் இரண்டிலும் டார்கெட், மாதக் கடைசி, வெயில், பைக். சம்பளத்தில் இன்சென்டிவ் பங்கு அதிகம், உடம்பும் மனசும் சீக்கிரம் தேயும், பெண்களுக்கு வசூல் பக்கம் இன்னும் கடினம். நான் சொல்வது மூன்றாவது வாசலை.

நான் சேர்ந்த புதிதில் பழைய லாரிக்குக் கடன் கேட்டு ஒரு டிரைவர் வந்தார். பதினெட்டு வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர், முதல் முறையாகச் சொந்த வண்டி. ஐ.டி. ரிட்டர்ன் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, சிபில் ஸ்கோரே இல்லை, ஏனென்றால் வாழ்நாளில் பேங்க் கடன் வாங்கியதில்லை. என் மேனேஜர் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்தார். போகும்போது என்ன லோடு, திரும்பும்போது லோடு கிடைக்குமா, காலியாக வந்தால் டீசல் என்ன ஆகும், வண்டிக்கு எப்.சி. (தகுதிச் சான்று) எந்த மாதம், எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் இனி வருடா வருடம் எப்.சி. காட்ட வேண்டுமே அதற்கு எவ்வளவு எடுத்து வைப்பீர்கள். பிறகு வெளியே போய் ஆறு டயரையும் குனிந்து பார்த்து, பின் டயர் இரண்டு மாதத்தில் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அந்த டயர் செலவையும் மாதக் கணக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான், கேட்ட தொகையில் கொஞ்சம் குறைத்து, தவணையை நீட்டிக் கொடுத்தார். ஆர்.சி. புக்கில், வண்டி எங்கள் கடனில் இருக்கிறது என்பதற்கான எச்.பி. குறிப்பு ஏறியது. அவர் கடைசித் தவணை வரை கட்டினார், இரண்டாவது வண்டிக்கும் எங்களிடமே வந்தார். கடன் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு மத்தியானத்தில். ஒரு மனிதனின் கைக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, எந்த மாதம் இடிக்கும் என்று பார்க்கத் தெரிந்தால் பிறகு பேங்கிலும் வேலை கிடைக்கும், வேறு நிறுவனத்திலும் கிடைக்கும், கொஞ்ச நாளில் கம்பெனிக் கடன்களையும் பார்க்கலாம். முதல் சம்பளம் சென்னை கம்பெனி அளவுக்கு வராமல் போகலாம். ஆனால் மன்னார்குடி வீட்டிலிருந்து போய்வர முடிந்தால், கையில் நிற்பது அங்கே நிற்பதைவிட அதிகம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கிரெடிட் பிரிவிலேயே எடுப்பீர்களா, இல்லை முதலில் வசூலுக்குப் போகச் சொல்வீர்களா?" பதிலில் இழுத்தால் வேண்டாம்.

சி.எஃப்.ஏ. என்கிற முதலீட்டு ஆய்வுப் படிப்பு பற்றியும் கேட்டாள். மூன்று நிலை, கட்டணம் டாலரில், சான்றிதழ் கைக்கு வர 4,000 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும். அது உதவுகிற பங்கு ஆராய்ச்சி வேலைகள் பெரும்பாலும் மும்பையில். வேலைக்குப் போன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம், இப்போது வேண்டாம் என்றேன். எம்.பி.ஏ.வும் அப்படித்தான், நல்ல இடத்தில் கிடைத்தால் போகலாம், கடன் வாங்கி ஏதோ ஓர் இடத்தில் சேர்வதற்கு அந்த இரண்டு வருடம் வேலையே பார்க்கலாம்.

இதெல்லாம் பேசி முடித்த பிறகு அவளுக்கு எது என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்கான பதில் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, மச்சானிடம் இருந்தது. அவருக்கு டிபன் கடை. கடையைப் பெரிதாக்க வாங்கிய கடன் ஓடுகிறது, பையன் பத்தாவது. இரண்டாவது ஞாயிறு நேரில் போனபோது கடை மூடிய பிறகு அவரையே கேட்டேன், இவள் சம்பாதிக்காமல் எத்தனை நாள் தாங்கும் என்று. கல்லாப்பெட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அடுத்த பங்குனி வரைக்கும் சமாளிச்சுடுவேன் மாப்ள, அதுக்கு மேல கஷ்டம்" என்றார். பூசி மெழுகாமல் ஒரு தேதியைச் சொன்னாரே, பல வீடுகளில் அதுகூடக் கிடைப்பதில்லை.

பங்குனி வரை என்றால் ஜனவரி இன்டர் தேர்வும் அதன் முடிவும் அதற்குள் வந்துவிடும். அவளுக்கு பி.காமில் இதுவரை 71 விழுக்காடு. ஏப்ரல் முடிவதற்குள் பதிந்தால் எட்டு மாதம் கிடைக்கும். இரண்டு குரூப்பும் வந்தால் திருச்சியில் பேங்க் ஆடிட் பார்க்கிற ஆபீசாகத் தேடி ஆர்ட்டிகிள்ஷிப், அங்கே என் சித்தி வீடு இருக்கிறது, தங்குகிற செலவு இல்லை. அந்த இரண்டு வருடத்துக்கு வீட்டுக்கு மாதம் கொடுக்க வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஒரு குரூப் மட்டும் வந்தால் பைனான்ஸ் கம்பெனியில் கிரெடிட் வேலை, இன்னொரு குரூப்பை அங்கிருந்தே எழுதலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் சென்னை. அந்த மாதிரிக் கம்பெனிகள் வருடம் முழுக்க ஆள் எடுக்கின்றன, எட்டு மாதம் தாமதமாகப் போவாள், சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுவில் பேங்க் கிளார்க் தேர்வையும் எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ரீசனிங் புதிரும் சி.ஏ. இன்டரின் காஸ்டிங் பாடமும் ஒரே எட்டு மாதத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"ரெண்டு குரூப்பும் போயிடுச்சுன்னா நீங்க திட்ட மாட்டீங்களே மாமா?" என்று வாசல் வரை வந்து கேட்டாள். அதற்கான வழியையும்தான் எழுதி வைத்திருக்கிறோமே, அந்தப் பேப்பரை எடுத்துப் பார் என்றேன்.

முந்தாநாள் பதிவுக் கட்டணம் கட்டிய ரசீதை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பணம் மச்சான் கொடுத்தது. வருகிற ஞாயிறு அட்வான்ஸ்டு அக்கவுன்டிங் முதல் பாடத்தைப் போனில் ஆரம்பிக்கிறோம், காலை ஆறு மணிக்கு, கடையில் இட்லி ஊற்றி முடித்த கையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.